ஜமாத்தில் இட்ட ஆணை

காரியம் இல்லாமல் அண்ணன் ஷாகிரின் கால் தாராவிச் சந்துக்குள் நுழையாது என்று ஹாஃபிஸாவுக்குத் தெரியும். செம்பூருக்குக் குடிபோன பிறகு தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று எட்டிப் பார்க்காதவன் அவன்.

பகை பன்வேல் நிலத்தில் வந்தது. வாப்பா தன் காசில், மகன் பேரில் வாங்கிப்போட்ட நிலம். வாப்பா மௌத்தான பிறகு அவள் பள்ளிவாசல் ஜமாத்தில் பங்கு கேட்டாள். ஷாகிர் அத்தனை பேர் முன்னால் அல்லா மேல் ஆணையிட்டான்: "வாப்பா சொத்துன்னு அதுல ஒரு பிடி மண்ணு கெடயாது. என் காசு. மனை பிரிச்சு, ரோடு போட்டு, வித்துக்கிட்டிருக்கேன். அது என் தந்தா, என் தொழிலு." ஆணையிட்டவனை ஜமாத் நம்பியது. அவள் கையை வீசிக்கொண்டு திரும்பினாள்.

மீதி நிலம் இப்போது பெரிய விலைக்குப் போயிருந்தது. நிலம் விற்பதே தொழில் என்றால் லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரி. சும்மா போட்டுவைத்த நிலம் என்றால் அதில் பாதிகூட வராது. சும்மா கிடந்த நிலம் என்றே ஷாகிர் கணக்குக் காட்டியிருந்தான். இன்கம்டாக்ஸ் அதிகாரிக்குச் சந்தேகம், அவனை விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்.

"வாப்பா வாங்கிச் சும்மா கெடந்த எடம்னு நீ ஒரு வார்த்த சொல்லிரு. ஒன் பங்கத் தந்துருதேன், சத்தியமா," என்றான் வாசலில் வந்து நின்ற ஷாகிர்.

சத்தியமாம். "வருதேன்," என்றாள்.

இன்கம்டாக்ஸ் ஆபீசில் அதிகாரி இந்தியில் கேட்டார். அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மனை பிரித்தது, ரோடு போட்டது, போர்டு வைத்து ஆள் பிடித்து விற்றது, இது என் தொழில் என்று ஜமாத்தில் ஆணையிட்டது. சந்தேகம் இருந்தால் ஜமாத் தலைவர் அப்துல் ரவூப்பைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றும் சொன்னாள்.

வராந்தாவில் ஷாகிர் அவள் வழியை மறித்தான். "கிறுக்கச்சி, ஒன் பங்கும்லா போச்சு."

"அது அன்னைக்கே போச்சு. ஒனக்கு இன்னும் ஒரு வழி இருக்கு. பொய்யாணை இட்டேன்னு ஜமாத்துல போயி ஒத்துக்கோ. அது வாப்பா எடம்னு அவங்களே வந்து இங்க சொல்லுவாங்க."

ஷாகிர் வழியை விட்டு விலகினான். ஹாஃபிஸா அவசரப்படவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, அவன் முகத்தைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டு நின்றாள்.