மக்டலின் அக்காவின் வெள்ளி மாதா

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலால் இறங்கின மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதியே தலை நரைத்தவன் நான். ஒன்றைக் கூட்டிச் சொல்லவும் ஏலாது, குறைத்துச் சொல்லவும் ஏலாது. பென்சன் எடுத்த அன்று அந்த விலங்கு கழன்றது. ஆகவே இந்தக் கதையில் எண்கள் சற்றுப் பருத்துக் கிடந்தால் மன்னிக்க வேண்டாம், அனுபவியுங்கள். ஓர் எண் மட்டும் சத்தியமானது. அதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எங்கள் கரையில் கிறிஸ்தோபரும் அவனுடைய அக்கா மக்டலினும் ஒரே வளவில் இருந்தார்கள். பாட்டன் சவரிமுத்து அந்தக் காலத்தில் அரபுப் பாய்க்கப்பல்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றினவர். மடியில் எந்த நாட்டுக் காசு கிடந்ததோ அதையே மாலுமிகள் கூலியாகக் கொடுப்பார்கள். மனிதர் கண்ணை மூடியபோது ஒரு பிஸ்கற் தகரப்பேணி நிறைய உலகத்து ராசாக்களையெல்லாம் விட்டுப்போனார். செம்பு ராசாக்களைக் கிறிஸ்தோபர் எடுத்தான். எந்தக் கடையிலும் அவர்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை. அக்கா எடுத்தது ஒரேயொரு வெள்ளிக்காசு. என் உள்ளங்கையை நிறைக்கும், பிச்சைத்தட்டு என்று சொன்னாலும் பிழையில்லை.

ஒரு பக்கத்தில் முக்காடு போட்ட ஓர் அம்மா. மாதா என்றா அக்கா. மறுபக்கத்தில் சிறகு விரித்த பறவை. பரிசுத்த ஆவியின் புறா என்றா. புறாவுக்கு ஏன் இரண்டு தலை என்று கேட்டேன். ஒன்று கடலைப் பார்க்க, மற்றது கரையைப் பார்க்க என்று கண் சிமிட்டும் முன் பதில் வந்தது. மாதாவின் சட்டைக் கழுத்து ஏன் இவ்வளவு இறக்கம் என்றும் கேட்டிருப்பேன். துணிவு வரவில்லை.

காசு வீட்டுப் பீடத்தில் மெழுகுதிரிகளுக்கு நடுவே ஏறியது. கரையில் யாருக்காவது பிள்ளைப்பேற்று நோக் கண்டால் அக்கா அதை எடுத்துக்கொண்டு ஓடுவா. தலையணைக்குக் கீழே வைத்தால் பிள்ளை வழுக்கிக்கொண்டு வரும் என்று பேர். இந்த ஊரில் பிறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். மிச்சக் கால்வாசி அவசரக்காரர்.

பக்கத்து வளவு முத்தலிப்பின் பெண்சாதி ஸல்ஹாவுக்கும் அதில் நம்பிக்கை. ஆனால் கிறிஸ்தவ வேதக்காரர் கும்பிடும் சுரூபம் தன் வீட்டுக்குள் வரப்படாது என்பதில் முத்தலிப் கண்டிப்பானவர். அதனால் ஒவ்வொரு பேற்றுக்கும் காசு அரிசிச் சுளகுக்குள் ஒளிந்து வேலிக்கு மேலால் போய், அதே வழியால் திரும்பி வரும். ஆறு பிள்ளைகள் அப்படிப் பிறந்தன.

இப்படிச் சீராய் நடந்ததை எஞ்சின்தான் குழப்பியது. அறுபத்தைந்தாம் ஆண்டு முத்தலிப் தன் வள்ளத்துக்குப் புது எஞ்சின் வாங்கி, பழையதை விலைக்கு வைத்தார். கிறிஸ்தோபர் இன்னும் துடுப்புத்தான். அவன் மீனோடு கரை சேரும்போது நிலாவெளி எஞ்சின்காரர் தங்கள் மீனை விற்று, சோறு தின்று, பல்லுக் குத்திக்கொண்டிருப்பார்கள். அதையும் பொறுத்திருப்பான். ஆனால் வலது தோள் தேய்ந்து, சட்டை போடவே மனிசி கிறேஸ் கை கொடுக்க வேண்டிய நிலை. எஞ்சின் இல்லாவிட்டால் கடலை விட வேண்டியதுதான்.

அக்கா பூசைக்குப் போன நேரம் பார்த்துக் காசை எடுத்துக்கொண்டு நகரத்து நகைக்கடை ஜெமீலிடம் போனான். ஜெமீல் கண்ணாடியை வைத்து ஆயிரத்து எழுநூற்று எண்பது என்று ஆண்டை வாசித்தார். பிறகு கதிரையை இழுத்துக் கிறிஸ்தோபரை இருத்தினார். தேத்தண்ணியும் வந்தது. இவ்வளவு பழசைக் கொழும்பில் காசு சேர்க்கிறவர்கள் கண்டால், முத்தலிப்பின் எஞ்சினும் வாங்கி வலையும் வாங்கலாம் என்றார்.

வீட்டில் பிரளயம்.

“மாதாவை வித்தோ மீன் பிடிக்கப் போறாய்?”

“மாதாவின்ர முகத்தைப் போட்டு எந்த நாட்டில அக்கா காசு அடிச்சவங்கள்?”

“மோட்சத்தில.”

கடைசியில் பிரான்சுக்காரரான எங்கள் பங்குக் குரு லெயோன் சுவாமியைக் கேட்பது என்று முடிவாயிற்று. மாதா என்றால் பீடம். இல்லையென்றால் கொழும்பு. இரண்டு பேரும் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார்கள்.

சுவாமியின் அறைவீட்டுக்குப் போன ஊர்வலத்தில் ஆயிரம் பேர் இருந்தோம். எண்ணிப் பார்த்தால் ஐந்து. பின்னல் போட்ட லேஞ்சித் துணியில் காசை ஏந்தி அக்கா, தோளைப் பிடித்தபடி கிறிஸ்தோபர், தராசோடு ஜெமீல், எஞ்சின் விலை பேச முத்தலிப், வேடிக்கை பார்க்க நான்.

சுவாமி பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றி லத்தீன் எழுத்துகளை வாசித்தார்.

“இவர் மாதா இல்லை, மக்டலின். ஒஸ்திரியா நாட்டு மகாராணி மரியா தெரேசா. இது அவருடைய அரசின் இரட்டைத்தலைக் கழுகு.”

அக்கா லேஞ்சியால் வாயைப் பொத்தினா. கிறிஸ்தோபர் சந்தோசத்தை மறைக்க நிலத்தைப் பார்த்தான். முத்தலிப்பும் ஜெமீலும் எஞ்சின் விலையைக் குசுகுசுக்கத் தொடங்கினார்கள்.

சுவாமி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சரித்திரம் தெரிந்தவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. அரபிகள் இந்த முகத்தைத் தவிர வேறு வெள்ளியை நம்பவில்லையாம். அதனால் ராணி செத்த அந்த ஆண்டையே போட்டு இன்றைக்கும் அடிக்கிறார்களாம். இந்தக் காசு அந்தக் காலத்ததாயும் இருக்கலாம், பாட்டன் வாங்கினதற்கு முந்தின கிழமை அடித்ததாயும் இருக்கலாம்.

ஜெமீல் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுத் தராசை வெளியே எடுத்தார். வெள்ளி விலைதான், ஒரு சோடி துடுப்பு வாங்கலாம் என்றார்.

“அந்தத் துடுப்பை ஆர் வலிக்கிறது?” என்று கிறிஸ்தோபர் கேட்டான். அக்கா மாதாவை இழந்துவிட்டா, தம்பி எஞ்சினை இழந்துவிட்டான். சுவாமிக்கே பாவமாய்ப் போயிற்று.

“கவலைப்படாதே, மக்டலின். நல்ல பெண்மணிதான். நாற்பது வருடம் நாட்டை ஆண்டவர், பதினாறு பிள்ளை பெற்றவர்.”

நான் சொன்ன சத்தியமான எண் இதுதான். நாங்கள் கலியாண வீடுகளில் பதினாறும் பெற்று வாழ்க என்று வாய்க்கு வந்தபடி வாழ்த்திவிட்டுச் சாப்பிடப் போகிற ஆட்கள். ஒருத்தி உண்மையிலேயே பெற்றிருக்கிறாள், அதுவும் நாட்டை ஆண்டுகொண்டு.

முத்தலிப் மெல்ல முன்னுக்கு வந்தார்.

“பாதர், அப்ப இது சுரூபமில்லை?”

“இல்லை.”

“கும்பிடுற சாமானில்லை?”

“இல்லவே இல்லை.”

“தலையணைக்குக் கீழ வைச்சால்?”

“தலையணைக்குக் கீழே காசு வைக்காத மனிதர் யார்?” என்றார் சுவாமி.

முத்தலிப் அக்கா பக்கம் திரும்பினார். “ஆறு தரமும் அரிசிச் சுளகுக்குள்ள வந்ததை நான் காணாத மாதிரி இருந்தனான், அக்கா. ஏழாவதுக்கு இந்த ராணி மனிசி வாசலால வரட்டும்.” பிறகு கிறிஸ்தோபரிடம், “ஸல்ஹாவுக்கு இது எட்டாம் மாதம், மச்சான். இதை வித்துப்போடாதை. அவளுக்குத் தேவைப்படுறவரைக்கும் இது கரையில இருக்கட்டும். அதுவரைக்கும் என்ர பழைய எஞ்சின் உன்ர வள்ளத்தில இருக்கட்டும்.”

கிறிஸ்தோபர் அக்காவைப் பார்த்தான். அக்கா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“பீடத்தால இறக்கிறன். சத்தியம் சத்தியம்தான்,” என்றா. “ஆனால் பதினாறு பெத்தவளைச் சுளகில அனுப்பினது எங்கட பிழைதான்.”

மகாராணி அலுமாரியில் பட்டுத் துணிக்குள் குடியேறினா. ஸல்ஹாவுக்கு நோக் கண்ட நாள் வேலியைச் சுற்றி, தெருவால், வாசற்படி ஏறிப் போனா. ஏழாவது பிள்ளையின் முதல் அழுகை நிலாவெளி வரை கேட்டது. கிறிஸ்தோபரின் எஞ்சின் இருமின இருமல் அதற்கும் வடக்கே திரியாய் ஊரைத் தாண்டிக் கேட்டது.

பிறகு ஒரு விசித்திரம் தொடங்கியது. இன்னொருத்தன் பெண்சாதியின் சுகத்தைக் கிறிஸ்தோபரைப்போல விசாரித்த ஆணை நான் கண்டதில்லை. கிழமைக்கு ஒருக்கால் திறம் மீன் கொண்டுபோய்க் கொடுத்து, ஸல்ஹா ராத்தா சாப்பிடுறாவோ, புளி கேக்கிறாவோ என்று முத்தலிப்பிடம் கேட்பான். எட்டாவது பிறந்தது. ஒன்பதாவதும் பிறந்தது. எஞ்சினும் வள்ளத்தைவிட்டு இறங்கவில்லை. முதலில் ஓய்வது எஞ்சினோ ஸல்ஹாவோ என்று கரையில் பந்தயம் பிடித்தார்கள். ஸல்ஹாதான் முதலில் ஓய்வா என்று கட்டி நான் தோற்றேன்.

பதினோராவது பிறந்த கிழமை எஞ்சின் ஒரேயடியாக நின்றது. கிறிஸ்தோபர் கலங்கவில்லை, அதற்குள் சொந்தமாய் ஒன்று வாங்கியிருந்தான். பழையதை முத்தலிப்பிடம் திருப்பிக் கொடுத்து, அக்காவின் காசையும் இனிமேல் அலுமாரியிலேயே ஓய்வெடுக்க விடலாமோ என்று மரியாதையாய்க் கேட்டான்.

முத்தலிப் ஸல்ஹா இருந்த குசினிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவசரப்பட வேண்டாம் என்றார்.