நாற்றங்காலோடு எழுந்த கோட்டை

ஆடிக் கடைசியா ஆவணி முதலா என்பதில் நினைவு தடுமாறுகிறது. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, ஞானாம்பாளின் குத்தகை வயலில் மலை முளைத்தது மட்டும் நிச்சயம். முதலில் அது நாற்றங்காலை ஒட்டி முழங்கால் உயர மேடாகத்தான் இருந்தது. மேடு தட்டிய வயலுக்கு எல்லோரும் செய்வதையே அவளும் கணவன் குணசேகரனும் செய்தார்கள்: வாய்க்காலில் தங்கள் முறைக்கு வந்த தண்ணீரைத் திருப்பி, ஊறவைத்து, பரம்படித்துச் சமன்செய்தார்கள். ஊற ஊற அது வளர்ந்தது.

"இன்னொரு தண்ணி கட்டுங்க தம்பி, கரைஞ்சிடும்" என்றார் பக்கத்து வயல் நாகநாதன். அந்தக் குத்தகைமேல் அவருக்கு வெகுநாளாகக் கண். கட்டினார்கள். மலை தென்னைகளைத் தாண்டியது. நாற்றங்கால் உச்சிக்குப் போய்விட்டது. அதைச் சுற்றி இடிந்த நகரம் ஒன்று வெளியே வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். யானை ஓடிவந்து முட்ட முடியாதபடி ஒவ்வொரு வாசலுக்கு முன்னும் பாதை மடங்கியது. கூரையிழந்த வீடுகளின் மழைநீரெல்லாம் நடுக்குளத்துக்கு வரும்படி பாறையில் கால்வாய் வெட்டியிருந்தார்கள்.

வெளுத்துக்கொண்டிருந்த நாற்று போனால் சம்பாவும் போகும், குத்தகையும் போகும். அடுத்த முறையன்று இருவரும் நாற்றைப் பார்க்க ஏறினார்கள். மதில் இடிந்த இடங்களில் நுழைந்தார்கள். கதவுகள் இன்னும் உள்ளே தாழிட்டபடியே இருந்தன. எதிரி உள்ளே வந்த தடமே இல்லை.

வறண்ட குளத்தின் படிகளில் கோட்டை ஊரே உட்கார்ந்திருந்தது. காய்ந்து சுருங்கி, மடியில் வெறுங்குடத்தோடு. கீழ்ப்படியில் இருந்த பெண் கழுத்தைத் திருப்பினாள். "இன்னைக்குத் தண்ணி முறை யாருக்கு?"

ஞானாம்பாள் நாற்றைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். கீழே வாய்க்காலில் அந்திவரை ஓடும் தண்ணீர் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும்.

"குளத்துக்குத் திருப்புங்க" என்றாள்.

"நாத்து?"

"கேக்குறாங்கல்ல. என்னன்னு சொல்றது?"

அவன் இறங்கிப் போய் மடையைத் திறந்தான். தண்ணீர் மலையேறி, ஏழு வாசலிலும் மடங்கி மடங்கிக் குளத்தில் விழுந்தது. அந்திக்குள் நாற்று கருகிவிட்டது.

குத்தகை நாகநாதனுக்குப் போனது. சரிவில் நெல் நிற்காததால் கொள்ளு விதைக்கிறார். குணசேகரன் கும்பகோணத்தில் மினி பஸ் ஓட்டுகிறான். பாசனக்காரர்கள் கூடிப் பேசி, கோட்டைக்கும் செவ்வாய்க்கிழமை முறை ஒதுக்கினார்கள். கோட்டைக்காரர்கள் ஞானாம்பாளோடு ஊரார் வயல்களில் நடவுக்கு வருகிறார்கள். வரிசை கோணாமல் நடுகிறார்கள், மத்தியானம் சோற்றுக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கிறார்கள்.