சுகமாகிவிட்ட பிள்ளை

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போவதற்குள் மணி அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"கிறிஸ்டிங்களா? ஜுரம் இறங்கிடுச்சா?" என்றது ஒரு பெண் குரல்.

எனக்கு எந்த ஜுரமும் இல்லை என்றேன்.

"உங்கம்மா நேத்து கால் பண்ணி, ஜுரமா இருக்கு, ஆபரேஷனை ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்கன்னு சொன்னாங்களே. டாக்டர் திங்கட்கிழமைக்குள்ள கன்ஃபர்ம் பண்ணச் சொல்றார். இல்லன்னா உங்க டேட்டை வேற பேஷன்ட்டுக்குக் குடுத்துடுவோம். அப்புறம் எப்பன்னு சொல்ல முடியாது."

"நான் வரேன். நானே கையெழுத்துப் போடறேன்."

"கையெழுத்து நீங்க போடலாம்மா. கூடத் தங்கிப் பாத்துக்க ஒரு லேடி அட்டெண்டர் இருக்கணும். ஆள் இல்லாம அட்மிஷன் போட மாட்டோம்."

ரிசீவரை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவார்கள், விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடப்பார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்ப வேண்டும். கோபப்படுவதற்குக்கூட இடுப்பு வேண்டியிருக்கிறது.

ஒன்பது வயதில் முட்டி வீங்கியது. எங்கேயோ விழுந்திருப்பாள் என்றார்கள். பிறகு மணிக்கட்டு, கணுக்கால். குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெருவில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது, "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு, நான் ஏதோ பொய் சொல்வதுபோலப் பார்ப்பார்கள். கல்லூரி முடிவதற்குள் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியது. குரோம்பேட்டையில் கிடைத்த வேலையைத் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு பறித்துக்கொண்டது. செயற்கை மூட்டு வைக்கலாமா என்று கேட்டால் டாக்டர்களெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். சின்ன வயசு, வைக்கிற மூட்டு பதினைந்து இருபது வருஷத்தில் தேயும், மறுபடி திறக்க வேண்டிவரும், அதனால் பொறு. எதுவரைக்கும்? நாற்பது வரைக்குமாவது. நாற்பதில் நடக்க ஆரம்பித்து நான் எங்கே போவது? கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "மூட்டு தேஞ்சா இன்னொண்ணு வைக்கலாம்மா. இந்த வயசு போச்சுன்னா நான் எங்கேருந்து கொண்டுவந்து வைக்கிறது?" என்றார். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. அவள் முகம் செத்துப்போனது. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் சபையைப் பொறுத்தவரை நான் ஏற்கெனவே சுகமாகிவிட்ட பிள்ளை.

அது இப்படி நடந்தது. அந்த வருஷம் மார்ச்சில், அதற்கு முன் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இடுப்பில் ஊசி போட்டு, ஸ்டீராய்டு மாத்திரையையும் கூட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த வாரத்து உபவாச ஜெபத்துக்குச் சேலையூர் சபைக்குப் போனபோது, ஆட்டோவிலிருந்து இறங்கி யார் கையையும் பிடிக்காமல் ஹாலுக்குள் நடந்துவிட்டேன். பின்னால் வந்த அம்மா பார்த்தாள். எத்தனையோ வருஷமாகத் தினமும் காலையில் என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துகிறவள் அவள். அப்படியே மைக்குக்குப் போய், "என் மகளுக்குக் கர்த்தர் சுகம் குடுத்துட்டார்" என்று சாட்சி சொல்லிவிட்டாள். சபை முழுக்க எழுந்து நின்று அல்லேலூயா சொன்னது. என் அம்மா தபீதாளுக்குப் பொய் பேச வராது என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அவள் பொய் சொல்லவும் இல்லை. பத்து நாளில் ஊசியின் வேகம் போனது. சாட்சியின் வேகம் மட்டும் போகவில்லை. வண்டலூரில் கூப்பிட்டார்கள், கூடுவாஞ்சேரியில் கூப்பிட்டார்கள். மாத்திரையால் என் முகம் பூரி மாதிரி உப்பியதைப் பார்த்து, "பிள்ளைக்கு முகத்துல என்ன ஒரு தேஜஸ்" என்றார்கள். எல்லாரும் பாயில் உட்காரும் சபையில் நான் மட்டும் கிழவிகளோடு பின்வரிசை நாற்காலியில் உட்காருவதற்கு அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள்: டஸ்ட் அலர்ஜி.

அன்று சாயங்காலம் அம்மா வந்ததும் கேட்டேன். "ஜுரம் யாருக்கும்மா?"

அம்மா காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். "ஜூலை கன்வென்ஷன் முடியட்டும்டி. பாஸ்டர் என்னைப் பேசச் சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி நீ இடுப்பைக் கிழிச்சுக்கிட்டு படுத்தா, ஜனங்க என்ன சொல்லும்?"

"ஜனங்களா என்னைத் தூக்கி நிறுத்துறாங்க?"

"நான் தூக்குறேன்ல? எப்பவாவது முடியாதுன்னேனா?"

"ஊசி போட்டதால நடந்தேன்னு உனக்குத் தெரியும்."

"ஊசி போட வச்சது யாரு? கர்த்தர்தானே?"

"அப்ப ஆபரேஷனையும் அவரே பண்ண வச்சார்னு சொல்லேன்!"

அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மோட்டார் போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். வீட்டில் எப்போது சண்டை வந்தாலும் சுவிசேஷமுத்து சாருக்கு மோட்டார் ஞாபகம் வரும். எங்கள் மேல்தொட்டி நிரம்பி வழியாத சண்டையே கிடையாது.

சனிக்கிழமை முழுவதும் பேசிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். உபவாசமிருந்து பழகியவளிடம் பட்டினி கிடந்து என்ன சாதிக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வழக்கம்போல என்னைத் தூக்கினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பாதம் வழுக்காமலிருக்க அவள் பாதத்தை முன்னால் அணை கொடுத்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, "ஸ்தோத்திரம்" என்று சொல்லித் தூக்குவாள். அந்தச் சொல்லுக்குத்தான் நானும் மூச்சை இழுத்துக்கொண்டு எழ வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளாத நாளிலும் அது நடக்கும்.

சபையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு புது அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெண்குழந்தை, ஏழெட்டு வயது இருக்கும். அதன் முட்டி வீங்கியிருந்தது. என் முட்டி அது, பழைய ஃபோட்டோக்களில் இருக்கும் அதே முட்டி.

"நீதான கிறிஸ்டி? உன்னப் பாக்கத்தான் பள்ளிக்கரணைலேந்து வந்துக்கீறோம்" என்றாள். அவள் பெயர் அங்காளம்மாள், குழந்தை காமு. "உன்கு வந்த அதே நோவுதான் இதுக்கும். உங்கம்மா வண்டலூர்ல பேசச்சொல்லோ கேட்டேன். அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டேன்."

"எந்த மாத்திரையை?"

"டாக்டர் குட்தது எல்லாத்தையும்தான். வூட்ல இப்போ ஒரு மாத்திரகூட இல்ல. உன்ன மாரியே ஆயிடும்ல?"

குழந்தையிடம் கையை மூடச் சொன்னேன். விரல் பாதியில் நின்றது. அதன் உடம்பு கொதித்தது.

"அக்கா, இன்னைக்கே திரும்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாத்திரையை இப்படித் திடீர்னு நிறுத்தக்கூடாது. நான் இன்னும் மாத்திரை சாப்பிடறேன். எனக்கு எதுவும் சரியாகல."

அங்காளம்மாள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இப்டித்தான் சோதிப்பாங்கன்னு பக்கத்து வூட்டு அக்கா சொல்லிச்சு. நான் அசர மாட்டேம்மா."

இதற்கு மேல் என்ன சொல்வது? எக்ஸ்ரேயைக் காட்டினால் அதுவும் சோதனை என்பாள். சாமியையே சாட்சிக்குக் கூப்பிட்டாலும் நம்பமாட்டாள். அம்மா மேல், சபை மேல், நம்பிக்கொண்டு சிரிக்கும் இந்த முகத்தின் மேல், எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. முன்னால் பாஸ்டர் அசரியா, "இப்ப சிஸ்டர் தபீதாள் சாட்சி சொல்லுவாங்க" என்றார். அம்மா எழுந்து மைக்கை வாங்கினாள்.

சொன்னால் நம்பாதவள் கண்ணால் பார்க்கட்டும் என்று, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தேன். தரையில் உட்கார்ந்து நாலு வருஷமாகிறது. இடுப்பு மடங்காது என்பதால் காலைப் பக்கவாட்டில் நீட்டினேன். நாற்காலி சரிந்தது. மிச்சத் தூரத்தை விழுந்துதான் கடந்தேன். என் வாயிலிருந்து வந்த சத்தத்தில் ஹாலே திரும்பியது.

காமு மிரண்டு தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். யாரோ இரண்டு பேர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்கப் பாதம் வழுக்கியது, வலியில் கண் இருட்டியது. "விடுங்க" என்றேன். "உங்களுக்கெல்லாம் தெரியாது. எங்கம்மாவுக்குத்தான் தூக்கத் தெரியும்."

இழுத்தவர்கள் கையை விட்டார்கள். அம்மா மைக்கோடு நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள், எனக்குப் பக்கத்தில் வீங்கிய முட்டியோடு உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தாள். இது அலர்ஜி என்று சொல்வாளோ, பிசாசின் தந்திரம் என்று சொல்வாளோ என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் அவளும் அதைத்தான் யோசித்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

மைக்கைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, பாய்களுக்கு நடுவே வந்தாள். குனிந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "கொழுப்புடி உனக்கு" என்று என் காதில் மட்டும் சொன்னாள்.

சபை பார்த்துக்கொண்டிருந்தது. அங்காளம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தாள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். என் பாதத்துக்கு முன்னால் தன் பாதத்தை அணை கொடுத்தாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று பார்க்காமலேயே இரண்டு கைகளும் என் அக்குளுக்குள் வந்து சேர்ந்தன. நான் மூச்சை இழுத்துக்கொண்டு, அவள் அந்தச் சொல்லைச் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.