மேசைக் காலும் கழுத்தும்

தையல் கூடத்தில் அவளுக்குக் காலர்காரி என்றுதான் பெயர். சட்டைக் காலரின் இரண்டு முனையும் இம்மி பிசகாமல் வர வேண்டுமானால் அவள் கை பட வேண்டும். பதினோரு வருடமாக அங்கே அதுதான் எழுதாத சட்டம். அப்படிப்பட்டவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, கட்டம் போட்ட சுவருக்கு முன்னால் நிறுத்தி, கொத்தனார் மாதிரிப் பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, முன்னே பின்னே பக்கவாட்டில் என்று போட்டோ எடுத்தார்கள்.

கம்பெனி வரவழைத்திருந்த பிசியோதெரபி மேடம் குணத்தில் நல்ல பெண்தான். "தலை மூணு விரல் முன்னால வந்திருக்குங்க. வலது தோளும் இறங்கியிருக்கு" என்று பரிவாகத்தான் சொன்னாள். காலர்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது கையில் கொடுத்த தாளைப் பார்த்துத்தான். 'காரணம்: தவறாக உட்காரும் பழக்கம்' என்று ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே சூப்பர்வைசர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார். ஒரு மாதத்தில் சரியாகாதவர்கள் நூல் வெட்டும் பகுதிக்கு மாற்றப்படுவார்களாம். நூல் வெட்டுவது, புதிதாக வந்தவர்களை முதல் வாரம் உட்கார வைக்கிற வேலை.

விடுவாளா? மறுநாளிலிருந்து காலையும் மாலையும் சுவரில் முதுகை ஒட்டி நின்று தாடையைப் பத்துத் தடவை உள்ளே இழுத்தாள். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றி மார்பை முன்னே தள்ளி முப்பது எண்ணினாள்.

"கொஞ்சம் வழி விடு தாயே, நானும் வேலைக்குப் போகணும்" என்று புருஷன் உள்ளே நின்று கும்பிடுவான்.

"இருபத்திரண்டு... பேசாதீங்க, எண்ணிக்கை விட்டுப்போகும்."

வீட்டில் கழுத்து லேசாகத்தான் இருந்தது. மெஷினில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆனதும் வலி பழையபடி வந்து ஏறிக்கொண்டது. மாதக் கடைசியில் மறுபடி அதே சுவர், அதே குண்டு. மேடம் இரண்டு போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா செஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"ஒருநாள் விடாம செஞ்சேன் மேடம். நீங்கதான் என்னை நிக்க வெச்சே பாக்கிறீங்க. நான் என்ன நின்னுக்கிட்டா தைக்கிறேன்? சூப்பர்வைசர் சார் தன் கண்ணாடி ரூம்ல இருந்து பாத்தா மேசை மறைச்சு எங்க கை தெரியலையாம். போன வருஷம் மேசைக் கால் அத்தனையையும் நாலு விரல் அளவுக்கு அறுத்துட்டாங்க. அன்னைக்குப் பிடிச்ச வலி இது. மேசைக் காலை அறுத்துட்டு என் முதுகை நிமிர்த்த வந்துட்டீங்களா?"

மேடத்தின் முகம் மாறியது. "இதை யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள். சூப்பர்வைசர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வருஷக் கணக்கா குனிஞ்சு பழகிட்டு மேசை மேல பழி போடுறாங்க மேடம்."

"கோணல்தான் சார். நீங்க வந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்களேன்."

கூடத்தில் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மறுத்தால் மானம் போய்விடும். தையலிலிருந்து மேலே வந்தவர் என்பதால் சூப்பர்வைசர் தைரியமாகவே அவள் ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் காலருக்கு முதுகு கம்பாக நின்றது. இரண்டாவதில், முனை கண்ணுக்குச் சரியாகப் படாமல் லேசாகக் குனிந்தார். ஐந்தாவதில் மூக்கு ஊசிக்குப் பக்கத்தில் இருந்தது. மேடம் பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்தாள்.

"சார், உங்க தலை நாலு விரல் முன்னால வந்திருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. காலர்காரிக்குச் சிரிப்பு வரவும் இல்லை. ஐந்து காலரில் தெரிந்துபோன ஒன்றைச் சொல்ல ஒரு வருஷம் வலியைத் தாங்க வேண்டியிருந்ததே என்று வயிறெரிந்தது. மேடம் தாளில் அச்சடித்திருந்த காரணத்தை அடித்துவிட்டு, 'மேசை உயரம் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைப் படித்த சூப்பர்வைசர் கழுத்தைத் தடவிக்கொண்டே தச்சனைக் கூப்பிட்டனுப்பினார்.

தச்சன் நான்கு மரக்கட்டைகளோடு வந்து அவள் மேசையின் கால்களுக்கு அடியில் செருகினான். மேசை பழைய உயரத்துக்கு வந்தது.

"போதுமா? இனிமே வாயை மூடிக்கிட்டு உக்காந்து தைம்மா" என்றார் சூப்பர்வைசர்.

அவள் உட்காரவில்லை. மெஷினின் சுவிட்சை அணைத்தாள். அந்த வரிசையில் இன்னும் முப்பத்தொன்பது மேசைகள் இருந்தன.

"மத்த மேசைக்கெல்லாம் கட்டை எப்ப சார் வரும்?"

"மேல கேக்கணும். நாளாகும்."

"ஆகட்டும் சார். நேரா நில்லுன்னுதானே சொன்னீங்க? கட்டை வர்ற வரைக்கும் நிக்கிறேன்."

பக்கத்து மெஷின்காரி தன் ஸ்டூலைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.