பதினெட்டு மெஷின்களை நிறுத்திய முன்பல்

1.

ஒரே விசிலில் பதினெட்டு பனியன் மெஷின்களை நிறுத்தியவன் நான். நம்பாதவர்கள் இரண்டாம் பகுதிக்குத் தாவிவிடலாம். அங்கேயும் இதையேதான் சொல்லப்போகிறேன்.

இந்தக் கதை பிறந்தது பல் டாக்டர் தேஜஸ்ரீயின் நாற்காலியில், வாயைப் பிளந்தபடி நான் பேச வழியில்லாமல் கிடந்தபோது. வெளியே வராத பேச்செல்லாம் கதையாகிவிட்டது.

2.

‘மழை கொட்டிய ஒரு மாலையில்...’ (வேண்டாம். திருப்பூரில் மழையோடு தொடங்கினால் மெஷின் நின்றதையும் நம்பமாட்டார்கள்.)

‘எண்பதுகளில் நான் நிட்டிங் ஃபிட்டராக...’ (வேலைக்கு மனுப் போடுகிறேனா என்ன?)

சரி, நேராகச் சொல்கிறேன். மெஷின் ஓடும் கூடத்தில் காதருகே கத்தினாலும் கேட்காது. ஃபிட்டர்கள் விசிலில்தான் பேசுவோம். ஆயிலுக்கு ஒன்று, ஊசி உடைந்தால் ஒன்று. முன்பல்லில் நாக்கை மடக்கி நானாகக் கண்டுபிடித்த மூன்றாவது விசில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்து மேசையில் துணி செக்கிங் பார்த்த ஞானாம்பாளுக்கு. புருவமெல்லாம் பஞ்சுத் தூசியோடு குனிந்திருப்பாள். அதை முதன்முதலாக அடித்த அன்று மெஷின்கள் மொத்தமாக நின்றன. அந்த அமைதியில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

(இப்போது என் மனைவி. தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டுச் சொல்கிறாள்: “கரண்ட் போச்சுங்க. நான் திரும்புனது கடிகாரத்தப் பாக்க.” கல்யாணமான நாளிலிருந்து இதே பதில்.)

3.

போன வருடம் அந்தப் பல் விழுந்தது. கூடவே விசிலும் போனது. ஊதினால் பஞ்சர் ஆன டியூப் மாதிரி காற்றுதான்.

தாடையில் திருகு வைத்துத் தற்காலிகப் பல் மாட்டினார்கள். மகனின் பனியன் யூனிட்டுக்குப் போனேன். அறுந்த நூலைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கடித்து இழுத்தேன். திருகு ஆடிவிட்டது.

“இன்னொரு தடவைதான் திருகு வெக்க முடியுமுங்க ஐயா,” என்றார் டாக்டர். “உங்களுக்குச் சக்கரை வேற இருக்குது. இதுவும் புடிக்கலீன்னா கழட்டி மாட்டுற பல்லுத்தான்.”

அதை மாட்டிக்கொண்டு விசிலடித்தால் பல்தான் பறக்கும்.

“இந்தத் திருகுல, எலும்புல இருக்கற அதே கால்சியம் உப்பப் பூசியிருக்குதுங்க. உங்க எலும்பு இதைச் சொந்தம்னு நெனச்சு ஒட்டி வளரும்.”

“சம்பந்தி ஊடு மாதிரியா கண்ணு?”

“அதவிடச் சீக்கிரம் ஒட்டுமுங்க.”

சாயப்பட்டறையில் பார்த்ததுதான்: எண்ணெய்ப் பிசுக்குள்ள துணியில் சாயம் ஏறாது, மேற்பரப்பு ஒத்துக்கொள்ள வேண்டும். (இதை டாக்டரிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். சரி, ஐந்து நிமிடம்.)

ஞானாம்பாள் நூல் வெட்டும் கத்தரியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டினாள். “நூலக் கண்டா இதத் தொடுங்க. வாய்க்குக் கொண்டு போனீங்க, சோறில்ல.”

4.

முடிவுக்கு வந்துவிட்டோம். இரண்டு வைத்திருந்தேன்.

அ) திருகு கழன்றுவிடுகிறது. நான் மௌனியாகி (இதை எந்த வாசகர் நம்புவார்?)

ஆ) என் விசிலில் திருப்பூரே நின்று, ஏற்றுமதி முடங்கி...

நடந்தது வேறு. புதுத் திருகு வைத்த மூன்றாம் மாதம் டாக்டர் சின்னக் கம்பியால் அதைத் தட்டினார். பிடிக்காத திருகு ‘மொத்’ என்னுமாம். இது கோயில் மணி மாதிரி ஒலித்தது. (மாதிரிதான். ‘டிங்’ என்றது.) நிரந்தரப் பல் இன்று காலை ஏறியது.

வீட்டுக்கு வந்தேன். ஞானாம்பாள் முதுகைக் காட்டிக்கொண்டு மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது விசிலை அடித்தேன்.

மிக்ஸி நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கை மிக்ஸி சுவிட்சின் மேல் இருந்தது.

இந்தத் தாளை எடுத்து வந்து, முடிவை வாசகரிடமே விட்டுவிடப்போவதாகச் சொன்னேன்.

“அவிகளுக்கு என்னுங்க தெரியும்?” என்றாள். “அன்னைக்கும் விசிலு அரைகொறையாத்தான் கேட்டுது. நம்மளத்தான் கூப்படறீங்களான்னு தெரியோணுமில்லீங்க? அதான் மெயின் சுவிட்ச எறக்கிப்போட்டேன்.”

“அப்ப என் விசிலுல நின்னுதா, இல்லையா?”

“நின்னது நெசந்தானுங்க. ஆனா பதினெட்டில்லீங்க, பன்னெண்டு. நிறுத்துனவளுக்குத் தெரியாதுங்களா?”