ஒன்று புள்ளி நான்கு

மறைப்பாகக் கட்டிய சேலைக்குப் பின்னாலிருந்து ஈரக்கையோடு வந்த பெரியத்தை எல்லம்மாள், கலையரசனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே அவன் மனைவி கவிநிலாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு நின்றுபோயிருந்தது.

"மாப்ள, மறைக்காம சொல்லுங்க. நாள் கீள் தள்ளிப்போச்சா?"

அவன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான்.

"இருந்தா எடுத்துட்டுத்தான் அடக்கம் பண்ணணும். ரெண்டு உசுரையும் ஒண்ணா பொதைக்கக் கூடாது. அதுக்குன்னு ஆள் இருக்குது, சொல்லி அனுப்பணும். அதான் கேக்குறேன்."

ஸ்கேன் படம் அவன் சட்டைப் பையில் இருந்தது. போன திங்கட்கிழமை எடுத்தது. பன்னிரண்டு வாரம். முதல் கரு கலைந்ததிலிருந்து கவிநிலாவுக்குப் பயம். இந்த ஸ்கேன் முடியும்வரை தன் அம்மாவிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

குழந்தையின் பின்கழுத்துத் தடிமனை அளக்கப் போவதாகவும், அது அதிகமிருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டரம்மா சொன்னபோது, படுத்திருந்தவள் சிரித்துவிட்டாள். வேங்கிக்காலில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைப்பாள்.

"நாங்க இஞ்சுல எடுப்போம் டாக்டர். கழுத்து ஜாஸ்தியா, கம்மியா?"

"ஒன்னு புள்ளி நாலு மில்லி. நல்லாவே இருக்கும்மா."

ஆட்டோவில் வரும்போதே கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அந்த அளவைத் தேடினாள்.

"இன்னாங்க இது, பொத்தான் ஓட்டை அளவுதான் இருக்குது. இதுக்கு நான் எப்படி காலர் வெப்பேன்?"

"பொண்ணா இருந்தா?"

"பொண்ணுன்னா காலர் வெக்கக் கூடாதா? ஆபீஸ்ல இதத்தான் கத்துக் குடுக்கறாங்களா?"

வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர் போய் அவள் அம்மாவிடம் சொல்வதாக இருந்தது. புதன்கிழமை காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

"மாப்ள?"

"இல்ல பெரியத்தை. அப்படி ஒண்ணும் இல்ல."

மறைப்பின் ஓரத்தில் குடத்தோடு நின்றிருந்த மாமியார் கன்னியம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் மறுபடி கேட்டது.

பட்டுச்சேலை கட்டி வாசலில் கிடத்தினார்கள். முந்தானையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, படத்தை மடிப்புக்குள் செருகினான்.

அவன் ஆபீஸ்காரர்கள் வந்து ரோஜா மாலைகளை அவள் வயிற்றின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். கன்னியம்மாள் எழுந்து வந்தாள். ஒவ்வொரு மாலையாக எடுத்துக் கால்மாட்டில் வைத்தாள்.

இன்னொருவர் மாலையோடு குனிந்தார். அதையும் கையில் வாங்கிக்கொண்டாள்.