பள்ளத்தெருவின் பகல் தூக்கம்

கருக்காம்பட்டி ஊராட்சிக்கு அரசாங்கம் ஒரு சங்கு கொடுத்தது. கோயில் சங்கு இல்லை. மில்லில் ஷிஃப்டுக்கு ஊதுகிறார்களே, அந்த மாதிரி கரண்டில் ஊளையிடுகிற சங்கு. பேரிடர் முன்னேற்பாட்டு மானியம் என்று ஒன்று வந்ததில் ஜெனரேட்டர், தாம்புக்கயிறு, மரம் அறுக்கிற மெஷின், தண்ணீரில் மிதக்கிற உடுப்பு எல்லாவற்றோடும் அதுவும் வந்து இறங்கியது. தானாக வந்துவிடவில்லை. ஊராட்சித் தலைவர் அறிவுச்செல்வி வடமதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடையாய் நடந்து, மனு மேல் மனு போட்டு, கடைசியில் "இந்தம்மாவுக்குக் குடுத்துத் தொலைங்கப்பா" என்று அவர்களே சலித்துக்கொள்கிற அளவுக்குப் போய் வாங்கினாள்.

ஊரில் ஒருவராவது பாராட்ட வேண்டுமே! குளம் நிறைந்தே பல வருசமாகிறது, அது உடைந்தால் ஊதுவதற்கு ஒரு சங்கா என்று டீக்கடையில் சிரித்தார்கள். போதாக்குறைக்கு கிராமசபைக் கூட்டத்தில் முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். பள்ளத்தெருவில் அறிவுச்செல்விக்கு எதிர்வீட்டுக்காரி, வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

"ஏத்தா செல்வி, குழாய்ல தண்ணி எப்ப வரும்னு தெரியாம பொழுதன்னைக்கும் குடத்தோட காத்துக் கெடக்கோம். தண்ணி தொறக்கும்போது அந்தச் சங்க ஒரு இழுப்பு இழுத்துவிட்டா என்ன, தேஞ்சா போயிரும்?"

பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். ஆபத்துக்கு வாங்கியதை அன்றாடத்துக்கு ஊதக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது அறிவுச்செல்விக்கு நினைவிருந்தது. ஆனால் நல்ல மனுசியே ஒழிய, நாலு பேர் கைதட்டினால் இளகிவிடுவாள். சும்மா கிடந்து துருப்பிடிப்பதற்கு ஊருக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து சங்கு ஊதினால் குடிதண்ணீர் என்றாகிவிட்டது. ஊதின மாத்திரத்தில் பெண்கள் இடுப்பில் குடத்தோடு ஓடுவார்கள். நூல்மில்லில் ராத்திரி ஷிஃப்டு பார்த்துவிட்டு வந்து தூங்குகிற ஆம்பளைகள் மறுபக்கம் புரண்டு படுப்பார்கள்.

அந்த வருசம் ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. ஒருநாள் காலையில் வானம் வெளுத்து வெயில்கூட அடித்தது. அப்பாடா என்று ஊர் துணி காயப்போட்டது. ஆனால் மலைப்பக்கம் பெய்த தண்ணீர் ஓடை வழியாக இறங்கிக் குளத்தில் சேர்ந்துகொண்டே இருந்தது. அறிவுச்செல்வி மேட்டில் இருக்கிற ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீர் திறந்துவிடுகிற ஆண்டிச்சாமி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றான்.

"தலைவரம்மா, கரை கசியுது. பள்ளத்தெருவுக்கு நேரா. காலையில தெளிவா வந்துச்சு, இப்பக் கலங்கலா வருது."

தெளிவாக வந்தால் வெறும் ஊற்று. கலங்கி வந்தால் கரை தன் மண்ணையே கரைத்து அனுப்புகிறது என்று அர்த்தம். உபரித் தண்ணீர் வெளியேறுகிற மறுகாலை இன்னும் அகலமாக வெட்டிவிட ஆள் அனுப்பினாள். தாலுகா அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் நிதானமானவர்.

"தீயணைப்பு வண்டி கிளம்பிருச்சும்மா. அதுக்குள்ள சனங்கள மேட்டுக்கு ஏத்திருங்க. சங்கு குடுத்திருக்கோம்ல, ஊதுங்க."

ஊதலாம். ஊதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத்தானே தெரியும்! பள்ளத்தெருக் குழாய் குளத்துக்கரையின் காலடியில் இருக்கிறது. மோட்டார் கோளாறில் இரண்டு நாளாகத் தண்ணீர் வேறு விடவில்லை. சங்குச் சத்தம் கேட்டால் மொத்தத் தெருவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு உடையப்போகிற கரைக்கு நேராக ஓடி வரிசையில் நிற்கும். சரி, தண்டோரா போட்டு உண்மையைச் சொல்லலாமென்றால் அது அதைவிட மோசம். குளம் உடையப்போகுது என்று சொன்னால் இந்த ஊரில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கக் கரை மேலேயே ஏறி நிற்பார்கள். ஒருத்தர் செத்தாலும் அந்தப் பழி என் தலையிலதான் என்று நினைத்தாள்.

"அண்ணே, டேங்க்ல தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

"மோட்டாரச் சரிபண்ணி இப்பத்தான் ஏத்துனேன். நெறைய இருக்கு."

"பள்ளத்தெரு வால்வ அடைச்சிருங்க. இங்க பள்ளிக்கூடத்துக் குழாய மட்டும் தொறந்துவிடுங்க. யாரும் கேட்டா, கீழ லைன் ஒடஞ்சுபோச்சு, இன்னைக்கு மேட்டுலதான் தண்ணின்னு சொல்லுங்க."

ஆண்டிச்சாமி அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு புரிந்துகொண்டு ஓடினான். அவள் சங்கை ஊதினாள்.

அடேயப்பா, அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! கீழ்க்குழாயில் வெறும் காற்று சீறியதும் பெண்கள் ஆண்டிச்சாமியை வைதார்கள், மோட்டாரை வைதார்கள், தலைவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் வைதுகொண்டே மேட்டுக்கு ஏறினார்கள். முந்தினவளுக்குத்தானே முதல் குடம்! கைக்குழந்தைகள் இடுப்பில் வந்தன. பெரிய பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நடக்கமாட்டாத இரண்டு கிழவிகளை ஆண்டிச்சாமி தன் சைக்கிளில் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கினான். பள்ளிக்கூட வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் பச்சையும் மஞ்சளுமாக வரிசை கட்டி நின்றன.

எல்லோரும் வந்து சேர்ந்ததும் அறிவுச்செல்வி உண்மையைச் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், முத்துப்பேச்சி பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி தாரேன்னு பொய்யச் சொல்லியா எங்கள இழுத்துட்டு வந்த? நீயெல்லாம் ஒரு தலைவரு!"

"ஆமா மதினி, பொய்தான். நாளைக்கு எம்புட்டு வேணும்னாலும் வையிங்க. இன்னைக்கு உசுரோட நில்லுங்க, போதும்."

ஆண்டிச்சாமி மறுபடியும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். கணுக்கால் வரை சேறு. "கடைசி வீடு வரைக்கும் பாத்துட்டேன் தலைவரம்மா. அம்புட்டு வீடும் பூட்டிக் கெடக்கு. ஒரு ஈ காக்கா இல்ல."

தாலுகா அலுவலகத்துக்காரர் மறுபடியும் போனில் கேட்டார், தெரு காலியா என்று. "காலி சார்," என்று சொன்னபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோசத்தில்தான். முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். முந்தானை முடிச்சிலிருந்த வீட்டுச்சாவி கன்னத்தில் இடித்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். சாவி.

பள்ளத்தெருவில் பெண்கள் வீட்டைப் பூட்டுவது ஆள் இல்லாததால் இல்லை. ஆள் உள்ளே தூங்குவதால். ராத்திரி முழுக்க மில்லில் கண் விழித்துவிட்டு வந்தவன் பகலில் நாலு மணி நேரமாவது கண் அயர வேண்டாமா? கதவு சும்மா சாத்திக் கிடந்தால் மகளிர் குழுக் கடன் வசூலிக்கிறவன் தட்டுவான், கேபிள்காரன் தட்டுவான், பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்து விழுந்ததென்று தட்டும். வெளியே பூட்டுத் தொங்கினால் ஒருத்தரும் தட்டமாட்டார்கள். அதனால் புருசன் படுத்ததும் வெளிப்பக்கம் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் எந்தப் பெண்ணும் தெருவில் இறங்குவாள். அன்று காலையில் அறிவுச்செல்வியும் புருசன் முருகேசனைச் சாப்பிட வைத்து, படுக்க விட்டு, பூட்டிவிட்டுத்தான் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். ஆண்டிச்சாமி மேட்டுத்தெருக்காரன். அது வயல் வேலை பார்க்கிறவர்கள் தெரு. அவனுக்கு இது தெரிய நியாயமில்லை.

அவள் குழாயடியைப் பார்த்தாள். அத்தனை கூட்டத்தில் பள்ளத்தெரு ஆம்பளை ஒருத்தர்கூட இல்லை. ஏமாந்த கோபத்தில் பெண்களுக்கும் அது இன்னும் உறைக்கவில்லை.

"மதினி... அண்ணன் எங்க?"

"எங்க இருப்பாரு? தூங்கு..." முத்துப்பேச்சியின் கை தன்னால் இடுப்பில் செருகியிருந்த சாவிக்குப் போனது. அவ்வளவு வாயும் அடைத்துவிட்டது. "ஏ ஆத்தாடி!"

அதற்குப் பிறகு யாரும் யாரையும் வையவில்லை. கைக்குழந்தைக்காரிகள் சாவியை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு நில்லுங்கள் என்று அறிவுச்செல்வி கத்தினாள். நின்றார்கள். மற்றவர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வந்த வழியே ஓடினார்கள். மிதக்கிற உடுப்பெல்லாம் பாலித்தீன் உறை பிரிக்காமல் அலுவலகத்து பீரோவில் இருந்தது. அதை எடுக்க யாருக்கு ஞாபகம் வந்தது?

தெருவில் கணுக்காலுக்குச் செம்மண் தண்ணீர் ஓடியது. கரைப்பக்கம் மண் சரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அறிவுச்செல்வி அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் செருகி, எடுத்துத் திருப்பினாள். சாமி, சாமி என்று முனகிக்கொண்டே திறந்தாள். முருகேசன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஃபேன் சத்தத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தோளில் ஒரு அடி வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அடித்தது அன்றைக்குத்தான்.

"எந்திரிங்க! கரை போகப்போகுது!"

வாசலுக்கு வாசல் கதவு திறந்தது. லுங்கியும் துண்டுமாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு மில் ஷிஃப்டே தெருவில் இறங்கியது. பாதித் தூக்கத்தில் இருந்தவர்களைப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார்கள். கடைசியாக வந்தது முத்துப்பேச்சிதான். புருசன் டிவியைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடிக்க, அவள் விட்ட வசவில் அவர் டிவியை வைத்துவிட்டு ஓடிவந்தார். ஏறி முடித்துக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். கரை வாயைப் பிளந்தது.

பெரிதாக அலை எதுவும் வரவில்லை. தண்ணீர் அவசரமே இல்லாமல் தெருவுக்குள் நுழைந்து, நடந்து, ஒவ்வொரு வீடாகப் படியேறி, ஜன்னல் வரை நின்றது. மேட்டிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது. ஆடுகள் சில போயின. சாமான்கள் போயின. ஆள் ஒருத்தர் போகவில்லை.

பள்ளிக்கூடப் படியில் முருகேசன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சங்கு கேட்டுச்சு புள்ள," என்றான் மெதுவாக. "நல்லாவே கேட்டுச்சு. தண்ணிக்குத்தானேன்னு பெரண்டு படுத்துட்டேன்."

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். இத்தனை பெண்களுக்கு முன்னால் தலைவர் அழலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, குழாயடிக்குப் போய்ச் சொன்னாள்.

"இனிமே தண்ணிக்குச் சங்கு கெடையாது. ஆண்டிச்சாமி அண்ணன் சைக்கிள் மணிய அடிச்சுக்கிட்டு வருவாரு. யாருக்கும் வருத்தமிருந்தா இப்பவே சொல்லிருங்க."

யாரும் சொல்லவில்லை. முத்துப்பேச்சி மட்டும் கேட்டாள். "சங்கு விசயம் சரி ஆத்தா. பூட்டுக்கு என்ன செய்ய? தூங்காம இந்த மனுசங்க எப்படி வேல பாப்பாக?"

மானியத்தோடு கொடுத்த பயிற்சியில் அதைப்பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல மில் வேன் வந்து ஹாரன் அடித்தது. ஊர் முங்கினால் என்ன, மில் முங்கவில்லையே! ஒருநாள் போகாவிட்டால் அந்த மாத வருகைப்படி போய்விடும். கடன் வாங்கின சட்டையும் பேன்ட்டுமாக ஆம்பளைகள் ஏறிப் போனார்கள். மறுநாள் காலையில் வேன் திரும்பி வந்தபோது வீடுகளில் முழங்கால் சேறு. பள்ளிக்கூடத்து நீளமான அறையில் பாயை விரித்துக் கொடுத்தார்கள். தலையைச் சாய்த்ததும் அத்தனை பேரும் வரிசையாகத் தூங்கிப்போனார்கள்.

முத்துப்பேச்சி கதவை இழுத்துச் சாத்தினாள். நேற்று வீட்டிலிருந்து கழற்றிச் செருகிக்கொண்ட பூட்டை இடுப்பிலிருந்து எடுத்தாள். எடுத்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அறிவுச்செல்வியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முத்துப்பேச்சி கதவை மறுபடியும் அகலத் திறந்து வைத்தாள். நிலைப்படிக்குக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கிட்டு உக்காரு செல்வி," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஒருத்தனும் சத்தம் போடாம பாத்துக்கிருவோம். மத்தியானத்துக்கு மேல அடுத்த ரெண்டு பேரு வந்து உக்காரட்டும்."

அறிவுச்செல்வி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே குறட்டைச் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. அதில் முருகேசனுடையது எதுவென்று அவளுக்குத் தெரிந்தது.